காற்று திசை மாறும்போது

கோலார் தங்கவயலுக்குக் கடல் வெகு தூரம். ஆனால் அந்த ஊருக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் இருக்கிறது. அதே ஆற்றின் கரையில், கீழே உள்ள வேலூரில் பிறந்தவர் பாய்மரப் படகு வீரர் விஷ்ணு சரவணன்.

பாய்மரப் படகு காற்றுக்கு எதிரே நேராகப் போகவே போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேறும். கடலிலோ காற்று நிலையாக நிற்பதில்லை. கரையின் வெப்பம் ஏறினாலும், மேகம் ஒன்று கடந்தாலும் திசை சற்றுத் திரும்பிவிடும். விஷ்ணுவின் போட்டிப் பிரிவில் எல்லாப் படகுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. ஆகவே படகைக் குறை சொல்லவும் வழியில்லை. நீரின் மேல் கருமையாய் ஓடிவரும் சிற்றலையை முதலில் கண்டு, பாயைத் திருப்புகிறவர் முந்துகிறார். நேற்று பலித்த பாதையை இன்றும் பிடிப்பவர் பின்தங்குகிறார்.

புள்ளிக் கணக்கும் விசித்திரமானது. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. குறைந்த புள்ளி பெற்றவருக்கே வெற்றி. பல சுற்றுகளில் மிக மோசமான ஒன்றைக் கழித்தும் விடுகிறார்கள். எவ்வளவு பெருந்தன்மையான விதி!

சென்னையின் நேத்ரா குமணன் 2020இல் மயாமியில் உலகக் கோப்பை வெண்கலம் வென்றார்; பிறகு டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கிலும் படகு செலுத்தினார். விஷ்ணுவும் அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். 2023இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.