சிறு நோன்பு தாழ்ந்ததா?

புகைப்பழக்கத்தை விட விரும்புவோர் பலரும், “வாழ்நாள் முழுதும் இயலுமா?” என்றஞ்சித் தயங்குகின்றனர். சில நாழிகைக்கு மட்டும் ஏற்கும் நோன்பு மதிப்பிற் குறைந்ததா என்பதை நாம் ஈண்டுச் சிந்திப்போம்.

புகையிலையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகிறது. அக்குறைவே மீண்டும் புகைக்கத் தூண்டுகிறது. ஆயினும் ஒவ்வொரு வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். முதல் வாரமே கடுமையானது. சில வாரங்களில் அது பெரிதும் குறையும்.

நம் அறநூலார் காலவரையறையுடன் துறப்பதை நியமம் என்றும், வாழ்நாள் முழுதும் துறப்பதை யமம் என்றும் வகுத்தனர். இரண்டும் நோன்பே. வேட்கை எழுங்கால், “இன்னும் பத்து நிமிடம் தொடேன்” என உறுதிகொண்டு, நீர் பருகிச் சற்று நடந்து வருவதும் நியமமே.

வேட்கை எழுதல் குற்றமன்று; அது பழக்கத்தின் பயன். அதற்கு இணங்குவதும் இணங்காததுமே நம் செயல். ஒருநாள் தவறினும் நோன்பை மீண்டும் ஏற்கலாம். மருத்துவரின் துணையை நாடுவதும் இழுக்கன்று. நாம் விடும் புகை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தீங்கிழைத்தலால், இந்நோன்பு பிறவுயிர் ஓம்புதலுமாகும்.

ஆதலின் யமத்திற்கு அஞ்சி நியமத்தைக் கைவிடாது, இன்றே சிறு நோன்பொன்றை ஏற்போமாக.