கடைசியாகத் தொட்ட கை

நைஜீரியாவின் வடமேற்கில் உள்ள சம்ஃபாரா மாநிலத்தில், 2010-இல் சில மாதங்களுக்குள் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தார்கள். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கு வெட்டியெடுத்த தங்கப் பாறையில் ஈயமும் கலந்திருந்தது. பல வீடுகளில் முற்றத்திலேயே பாறையை உடைத்து, அரைத்து, சலித்தார்கள். அதில் பெண்களின் உழைப்பும் இருந்தது. புழுதி தரையிலும் பாத்திரத்திலும் குழந்தைகளின் விரல்களிலும் படிந்தது. உட்கொண்ட ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது: பெற்றவளே வீட்டுக்குள் விஷத்தை அரைக்கலாமா? இந்தக் கேள்வியின் அடியில் இருக்கும் தவறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தையைக் கடைசியாகத் தொட்ட கை யாருடையதோ, குற்றமும் அவளுடையது என்று அது கருதுகிறது. காரணச் சங்கிலியில் அருகில் இருப்பதும் பொறுப்பில் முதலில் இருப்பதும் ஒன்றல்ல. வளர்ப்பு வேலை முழுவதையும் பெண்ணிடம் விட்டுவைத்த சமூகத்தில், கடைசிக் கை எப்போதும் அவளுடையதாகவே இருக்கும்.

அப்படியானால் அவள் வெறும் அப்பாவியா? அதையும் நான் ஏற்கமாட்டேன். அப்பாவி என்று சொல்வது அவள் செய்த வேலையையே மறைத்துவிடுகிறது. அவள் சுரங்கத் தொழிலாளி. கூலிக் கணக்கில் வராததாலும் வீட்டுக்குள் நடந்ததாலும் அந்த உழைப்புக்குத் தொழில் என்ற பெயர் கிடைக்கவில்லை. பெயர் இல்லாத இடத்தில் பாதுகாப்பு விதியும் எட்டிப்பார்க்காது. தான் கையாளும் பொருளில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அறியாமை அவளுக்கு நியாயமான காரணம். 2010-க்குப் பிறகு அரசுக்கு அந்தக் காரணம் இல்லை. நஞ்சேறிய மண்ணை அகற்றாமல் சிகிச்சை அளித்தால், வீடு திரும்பும் குழந்தை மீண்டும் நஞ்சையே உண்ணும். அப்படியிருந்தும் பகேகா என்னும் ஊரில் மண்ணை அகற்றும் பணி 2013-இல்தான் தொடங்கியது. பெரும்பாலும் அரசுப் பணம் வராததால் ஏற்பட்ட தாமதம் அது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் குறைவு.

அரைக்கும் வேலையை ஊருக்கு வெளியே கொண்டுபோவது குழந்தைகளைக் காக்கும், அது தேவை. ஆனால் வீட்டைவிட்டு வெளியே செல்ல வழக்கம் அனுமதிக்காத பெண்ணுக்கு அத்தோடு வருமானமும் போகும். தங்கம் வெளியே போய்விட்டது. ஈயமோ எலும்பில் தங்கியிருந்து, கருவுற்ற காலத்தில் இரத்தத்தில் கலந்து, அடுத்த குழந்தையையும் அடைகிறது. லாபம் எவ்வளவு தூரம் பயணம் செய்ததோ, பொறுப்பும் அவ்வளவு தூரம் செல்ல வேண்டும். அதை அவளுடைய முற்றத்திலேயே நிறுத்திவிடும் எந்த அறத்தையும் என்னால் அறம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.