அணைக்கும் உரிமை

இரவு படுக்கப் போகும்போது கொம்பியூட்டரை நிறுத்துவதா, ஓடட்டும் என்று விடுவதா? சின்னக் கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அதைக் கேட்டால் அதற்குள் ஒரு வரலாறும் வந்து நிற்கும்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. ஒரு நாள் இருநாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் நின்றது. சுவரில் சுவிச்சு இருந்தது, கூரையில் மின்குமிழ் இருந்தது, அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மண்ணெண்ணெயும் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு ஏற்றிய விளக்கைச் சுற்றியிருந்து பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் பிறந்த கறண்டில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். கேட்கிற ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவரின் கால் உழைத்தது.

அந்தக் காலத்தைக் கடந்தவர்களின் வீடுகளில் இன்று இரண்டு விதமான மனங்களைக் காண்கிறேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் பொறுக்காத மனம் ஒன்று. மற்றது, இருக்கும்போதே எல்லாம் ஓடட்டும், நிறுத்தினால் திரும்ப வருமோ வராதோ என்று உள்ளூர அஞ்சும் மனம். இரண்டும் ஒரே இருட்டில் பிறந்தவை. இரண்டாவது மனத்தைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, அந்த அச்சம் பொய்யில்லை என்று நாடே கண்டது.

நிறுத்தாதிருக்க இன்னொரு காரணமும் இருந்தது, அது அன்பு. இங்கே அதிகாலை மூன்றரை மணியாகும்போது, கோடைகாலத்து ரொறன்ரோவில் மாலை ஆறு. வேலை முடிந்து வந்த மகன் அழைத்தால் தவறிவிடக் கூடாதென்று, இரவெல்லாம் ஸ்கைப்பைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தூங்கிய பெற்றோர் இந்தக் குடாநாட்டில் ஏராளம். இன்று அந்த அழைப்பு கைத்தொலைபேசிக்கு வருகிறது. காத்திருக்கும் வேலை மேசையிலிருந்த இயந்திரத்தை விட்டு நீங்கிவிட்டது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை.

அடிக்கடி நிறுத்தி ஏற்றினால் கொம்பியூட்டர் பழுதாகும் என்பார்கள். ஒரு காலத்தில் இது உண்மை. 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை சூடேறும்போதும் ஆறும்போதுமே பெரும்பாலும் பழுதாயின, ஆகவே அதை நிறுத்தாமலே வைத்திருந்தார்கள். இன்றைய வீட்டுக் கணினியின் சுழலும் வன்தட்டோ 50,000 தடவை நின்று தொடங்கத் தாங்கும் என்று மதிப்பிட்டுச் செய்யப்படுகிறது. நாளுக்கு இரண்டு தடவை நிறுத்தினாலும் அறுபது ஆண்டுக்கு மேல் போதும். சுழலாத புதுவகை நினைவகத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. இங்கே இயந்திரத்தைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை இடிமின்னல். அதற்கு நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் கழற்ற வேண்டும்.

கணக்கையும் பார்ப்போம். திரையோடு சும்மா இருக்கும் ஒரு மேசைக் கணினி 60 வாற்று எடுக்கிறதென்று வையுங்கள். இரவு எட்டு மணிநேரம், மாதம் முப்பது நாள்: 14 யூனிற்றுக்கு மேல். மாதம் 50 யூனிற் பாவிக்கும் வீட்டை அது 60ஐத் தாண்டத் தள்ளும். தாண்டினால் மின்கட்டண வகையே மாறும். அதே கணினியை உறங்கு நிலையில் விட்டால் ஒன்றிரண்டு வாற்றோடு போகும், மாதம் முழுவதுக்கும் அரை யூனிற் அளவுதான்.

மின்கட்டணப் பட்டியலில் வராத விலையும் ஒன்று உண்டு. பண்டத்தரிப்பிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குள் சுன்னாகம். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரே கிணற்று நீர், அதுவே குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த காலத்தில் சுற்றுக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது. வாளியில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில், அங்கிருந்த தனியார் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. இன்று குடாநாடு தேசிய மின்வலையோடு இணைந்திருக்கிறது. எரிகிற இடம் பெரும்பாலும் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் நிற்கிறது, அதன் அருகிலும் ஊர் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள். சைக்கிள் மிதித்த நாட்களில் கறண்டுக்காக யார் உழைத்தார் என்பது கண்முன் தெரிந்தது. இப்போது தெரிவதில்லை. தெரியாததால் அந்த உழைப்பு இல்லாமற் போகவில்லை.

இரவிலும் ஓட வேண்டியவை இருக்கின்றன. வைத்தியசாலையில் நோயாளியின் மூச்சைக் கணக்கிடும் கருவி ஓடட்டும். நள்ளிரவில் படித்து எழுதும் மாணவியின் கணினி ஓடட்டும். அவற்றின் பின்னால் ஒரு மனிதத் தேவை விழித்திருக்கிறது. யாரும் இல்லாத அறையில், யாருக்கும் இல்லாமல், விடியும்வரை ஓடுவதைப் பற்றியே கேட்கிறேன்.

மின்சாரம் பறிக்கப்பட்ட வீடும், மின்சாரத்தைத் தானே நிறுத்திய வீடும் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இருட்டாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. முதலாவது எங்கள்மேல் இறக்கப்பட்டது, எப்போது முடியும் என்று கேட்கவும் ஆளில்லை. இரண்டாவது எங்கள் விரல் தொட்டு நடக்கிறது, காலையில் அதே விரல் அதை முடித்துவைக்கும். இருப்பதை இப்போதைக்குப் போதும் என்று சொல்ல முடிவது, அது நாளைக்கும் இருக்கும் என்று நம்புகிறவருக்கே. அச்சத்தில் ஓடவிட்ட இயந்திரம், 1990ஐயும் தன்னோடு ஓட்டிக்கொண்டிருக்கிறது.

போர் மின்சாரத்தைப் பறித்தது. எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அதோடு போயிற்று. மின்சாரம் கம்பி வழியே திரும்பி வந்துவிட்டது. உரிமை, அதைப் பாவிக்கிறவரிடமே திரும்பி வரும்.