அழுக்கின் அளவு

தரமணியில் நண்பர் ஒருவர் வீட்டு மேஜைமேல் நான் பார்த்த விமானம் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். நாட் என்னும் போர்விமானத்தின் மாதிரி. அசல் எட்டே முக்கால் மீட்டர். இது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, இடுக்குகளை அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, வர்ணம் பூசி முடிக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்திருந்தது. நான் போன அன்று அவர் அதை அழுக்காக்கிக்கொண்டிருந்தார்.

இந்த அழுக்காக்குதல் தனி வித்தை. அதற்கென்று உலகம் முழுக்க ஒரு கூட்டமும் இலக்கணமும் இருக்கின்றன. வெதரிங் என்பார்கள். கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வர்ணத்தை டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்துத் தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டால் கோட்டில் மட்டும் தங்கும். பிரஷ்ஷில் வர்ணம் தீர்ந்துபோகிற நிலையில் விளிம்புகளை லேசாக உரசினால் தேய்ந்த மாதிரி இருக்கும். முதலில் அலுமினிய நிறம் அடித்து, நனைத்து, கல் உப்பைத் தூவி, அதன்மேல் பச்சையைப் பீய்ச்சி, காய்ந்தபின் உப்பை உதிர்த்தால் வர்ணம் உரிந்த இடத்தில் உலோகம் தெரிகிற தோற்றம் கிடைக்கும். கரித்தூளைத் தேய்த்தால் புகைக்கறை. பத்து வருஷத்து வெயிலையும் மழையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வரவழைத்துவிடலாம்.

நண்பரின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் நாட் விமானங்களுக்குக் கீழேயே காலம் கழித்தவர். மாதிரியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேட்டி நுனியை எச்சில் தொட்டு இறக்கையைத் துடைக்கத் தொடங்கினார். மகன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். “ராத்திரி பூரா துடைச்சு நிறுத்தின பிளேன்டா அது. இப்படி ஒரு மெஷினை லைனுக்கு அனுப்பியிருந்தா என்னைச் சார்ஜில போட்டிருப்பாங்க” என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து, “இது யாரோட அழுக்கு?” என்று கேட்டார்.

அவர் அதைக் கேலியாகக் கேட்டாரா, கோபமாகக் கேட்டாரா என்பது எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

முதலில் நண்பரின் தரப்பைச் சொல்லிவிட வேண்டும். அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. புத்தம்புது மாதிரி பொம்மையாக இருக்கிறது. அழுக்குப்பட்டதும் அதற்கு எடை வந்துவிடுகிறது, இது கண்ணறிந்த உண்மை. அதோடு இந்தக் கலையில் அசலை அப்படியே பின்பற்றினால் தோற்றுப்போவோம் என்பது பாலபாடம். அசல் விமானத்துக்குப் பூசிய அதே வர்ணத்தை அதே டப்பாவிலிருந்து எடுத்து மாதிரிக்குப் பூசினால் கறுத்துத் தெரியும். ஓர் அடி தூரத்தில் வைத்து இந்த மாதிரியைப் பார்ப்பது எழுபத்திரண்டு அடி தள்ளி நின்று அசலைப் பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்க வைக்கிறது. அந்தக் காற்றை மேஜைமேல் கொண்டுவர முடியாது. ஆகவே வர்ணத்தில் ஒரு துளி வெள்ளையைக் கலக்கிறார்கள். தகட்டுக் கோடுகளும் அப்படித்தான். மாதிரியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்றால் அசலில் அது ஏழு மில்லிமீட்டர் இடைவெளி. அப்படித் தகடு சேர்ந்த விமானத்தை யாரும் பறக்க விடமாட்டார்கள். ஆனால் கோடு இல்லாவிட்டால் கண் அதை விமானம் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது. சின்னதாக்குகிற எந்தக் காரியத்திலும் இப்படிச் சில பிசகுகளை அறிந்தே செய்ய வேண்டியிருக்கிறது. கவிதை எழுதுகிறவனுக்கு இதைப் போய் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பிசகு குற்றமல்ல. பெரியவர் கேட்டது வேறு. நிறம் சரியா, கோடு சரியா என்று அவர் கேட்கவில்லை. நடந்திராத ஒன்றின் தடத்தை நடந்ததாகக் காட்டுகிறாயே, அந்தத் தடத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டார். அழுக்கு காலத்தின் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்குக் காலம் என்று ஒன்று தனியாக இல்லை. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் யாரோ ஒருவன் வாஷரைச் சரியாகப் போடவில்லை. கசிந்தது துடைக்கப்படாமல் இருந்தால் இன்னொருவன் தூங்கிவிட்டான். நாட் விமானத்தின் ஹைட்ராலிக் சங்கடங்கள் பெயர்போனவை. அதனாலேயே கசிவைத் துடைப்பது அவருக்கு வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்திருக்காது. துடைத்தால்தான் அடுத்த கசிவு எங்கே என்று தெரியும். மகன் கலாபூர்வமாக வழியவிட்ட அந்தப் பழுப்புக் கோடு அப்பாவின் கண்ணில் ஒரு குற்றப்பத்திரிகை.

தரமணிக்கே இந்த விவகாரத்தில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இங்கே இருக்கிறது. பழமையை உண்டாக்குவது சினிமாவின் அன்றாட வேலை. நேற்று அடித்த பிளைவுட் சுவர் நாளைக் காலைக்குள் ஐம்பது வருஷத்துச் சுவராக வேண்டும். தேயிலைத் தண்ணீரும் மரத்தூளும் சுண்ணாம்பும் அதைச் செய்துவிடும். அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. அங்கே காரியம் நேர் எதிர். அமிலம் ஏறிப் பழுத்து, தொட்டால் உடைகிற காகிதத்தை அதே நிலையில் நிறுத்திவைப்பது, மேற்கொண்டு வயதாகாமல் பார்த்துக்கொள்வது. காகிதத்தின் பழுப்பு காட்சிக்கு வந்ததல்ல. மலிவான மரக்கூழும் நம் ஊர் வெக்கையும் சேர்ந்து செய்தது. அதை யாரும் அங்கே அழகு என்று கொண்டாடுவதில்லை. அந்தச் சேகரத்தைக் கோட்டையூரில் உட்கார்ந்து ஆயுள் முழுக்கத் திரட்டிய ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியராக இருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்தது. வர்ணத்தால் எதையும் புதிதாகவோ பழையதாகவோ காட்டத் தெரிந்த கை, பழைய காகிதத்தைப் பழைய காகிதமாகவே விட்டுவைத்தது.

ஆனால் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு நூலகம் உண்மை, சினிமா பொய் என்று தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். சினிமாச் சுவரைப் பார்க்கிறவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவன். பொய்யின் எல்லை அவனுக்குத் தெரியும். எல்லை தெரியாத இடத்தில்தான் விஷயம் விபரீதமாகிறது. சிவபுரம் நடராஜரை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்துக்கு அருகே மண்ணுக்குள்ளிருந்து 1951-ல் கிடைத்த சோழர் காலத்து விக்ரகம். 1954-ல் செப்பனிடக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது அசலல்ல, ஒரு நகல். கோயிலில் இருப்பது நகல் என்று 1965-ல் ஆங்கிலேயக் கலை அறிஞர் டக்ளஸ் பாரெட் எழுதினார். 1973-ல் அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வழக்கு, சமரசம் எல்லாம் நடந்து 1986-ல் இந்தியாவுக்குத் திரும்பியது.

அந்த இடைக்காலத்தில் நகலை வணங்கியவர்களின் பக்தி பொய்யாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வார்த்த ஸ்தபதியின் கைத்திறனும் பொய்யல்ல. அது பிறந்தது ஒரு நாள், தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட வயது இன்னொன்று. பொய் அங்கே இருக்கிறது. கள்ள நகல் செய்கிறவனுக்குத் தேய்மானத்தைப் பற்றி நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அபிஷேகத்தில் எந்த இடம் வழுவழுப்பாகும், மண்ணுக்குள் எந்த இடம் பச்சை பூக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. ஆகவே தடத்தின் காரணத்தை அறிந்து பூசினால் போதும், அது நேர்மையாகிவிடும் என்று நான் முதலில் நினைத்தது நிற்கவில்லை. அறிவு வேண்டும், ஆனால் அறிவு போதாது.

வேறு என்ன வேண்டும்? மாதிரி விமானத்திடம் ஒன்று இருக்கிறது, கள்ள விக்ரகத்திடம் இல்லாதது: அதன் சிறுமை. பன்னிரண்டு சென்டிமீட்டர் என்கிற ஸ்தூலமான உண்மையை அது எந்தக் கோணத்திலும் மறைக்க முடியாது. நான் அது அல்ல, அதைப் பற்றிய ஒரு பேச்சு என்று அதன் அளவே சொல்லிக்கொண்டிருக்கிறது. கள்ள விக்ரகம் அசலின் அளவிலேயே நின்றுகொண்டு அசலின் இடத்தைப் பிடிக்கிறது.

நமது எழுத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் கவிதையை அழுக்காக்கக் கற்றிருக்கிறோம். விரக்திக்கு ஒரு வாஷ், தனிமைக்கு ஓர் உரசல், நகரத்தின் மேல் கொஞ்சம் கரித்தூள். வாசிக்கிறவனுக்கு எடை தட்டுப்படுகிறது; அனுபவப்பட்ட ஆள் என்று தோன்றுகிறது. நானும் செய்திருக்கிறேன். வேலையும் வீடும் உறுதியாக இருந்த நாட்களில் பசியைப் பற்றி நான் எழுதிய வரிகள் அச்சிலும் வந்திருக்கின்றன. பாராட்டும் கிடைத்தது. பாவனை கூடாது என்று இங்கே உபதேசம் செய்ய நான் வரவில்லை. பாவனை இல்லாமல் எழுத்து ஏது? ஆனால் அந்தப் பாவனை தன் அளவைக் காட்டிக்கொண்டிருந்ததா, இல்லை பசித்தவனின் இடத்தில் அவன் உயரத்துக்கே எழும்பி நின்றுகொண்டதா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. பசித்தவன் அந்த வரிகளைப் படித்துவிட்டு, இது யாரோட பசி என்று கேட்டிருக்கக்கூடும். கேட்கிற தூரத்தில் அவன் இல்லை என்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நண்பர் செய்துகொண்டிருந்தது ஏதோ ஒரு நாட் விமானத்தை அல்ல. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து தன் நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனார் பதினெட்டாம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் செகோன். திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பரமவீர சக்கரம் அளிக்கப்பட்டது. விமானப் படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்த விமானத்தைத்தான் நண்பர் செய்ய நினைத்தார். சண்டையின் புகைக்கறையைத்தான் அவர் பூசிக்கொண்டிருந்தார்.

இங்கேதான் பெரியவரின் கேள்விக்கு முழு அர்த்தம் கிடைத்தது என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையில் அந்த விமானத்தின்மேல் விழுந்த தடங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்திருக்கக்கூடிய ஒருவர் போய்விட்டார். பிறர் கண்டறிந்த விமானம் கிளம்புவதற்கு முன் தரையில் நின்ற விமானம்தான். ராத்திரிக் குளிரில் யாரோ சில ஃபிட்டர்கள் எண்ணெய் பார்த்து, திருகாணி முடுக்கி, துடைத்து நிறுத்திய விமானம். புகை பூசியதும் அவர்களுடைய வேலை அழிந்துபோகிறது. நாம் காணாத துயரத்தைப் பூசுகிற அவசரத்தில் கண்டவர்களின் உழைப்பைத் துடைத்துவிடுகிறோம். அடுத்தவன் துயரத்தை எழுதும்போதும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. அவன் அடுப்பு மெழுகியதும் சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் நமக்குக் கண்ணில் படுவதில்லை; அவன் நொறுங்கியது மட்டும் வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. அப்படியானால் காணாத எதையும் எழுதக் கூடாதா, மரணத்தை எழுதியவன் யாரும் செத்துப் பார்த்து எழுதவில்லையே என்று கேட்கலாம். சரிதான். நான் தடை போடவில்லை. விளிம்புவரை போகலாம், விளிம்புக்கு அப்பால் போனதாகக் கறை பூசிக்கொள்வதற்கு மட்டும் கொஞ்சம் கூச வேண்டும் என்கிறேன். அந்தக் கூச்சம் ஒரு விதியாக எழுதிவைக்கக்கூடியதா என்பது எனக்கே சந்தேகம்.

அன்று சாயங்காலம் நண்பர் டர்பென்டைன் தொட்ட துணியால் கறைகளை எடுத்தார். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. கோடுகளில் கொஞ்சம் தங்கிவிட்டது. பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மொத்தமா புதுசாவும் இருக்காதுடா” என்று வெள்ளிப் பென்சிலைக் கேட்டு வாங்கினார். விமானி ஏறும்போது பூட்ஸ் படுகிற இடம் எது, எந்த மூடியைத் திறக்கையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கும், எந்த விளிம்பில் எல்லோரும் கை வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். காற்றும் மழையும் அந்தப் பட்டியலில் வரவில்லை. எல்லாம் ஆட்கள் தொட்ட இடங்கள். கடைசியாகக் காக்பிட்டுக்குக் கீழே ஒரு கீறல் போட்டார். அந்த வயதில் கை நடுங்கத்தான் செய்யும். ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு அது ஓடிவிட்டது. அளவுப்படி பார்த்தால் அசலில் ஏறக்குறைய ஒரு முழம். அப்படி ஒரு கீறல் அங்கே விழ வாய்ப்பே இல்லை.

நண்பர் அதைத் திருத்தவில்லை.