காட்டியதும் விட்டதும்

காரைக்குடியில் நம் அண்டை வீட்டு ஆச்சி, தம் வீட்டைப் படமெடுத்து மலேசியாவிலுள்ள மகனுக்கு அனுப்ப விரும்பினார். வளவு முழுவதும் விழட்டுமென்று அகலக்கோண லென்ஸைப் பொருத்தச் சொன்னவர் நாமே. 24 மி.மீ. குவியத் தொலைவுள்ள அந்த லென்ஸைக் கொண்டு நெருங்கி நின்று எடுத்தால் அருகிலுள்ள தூண் பெருத்தும், எதிர்த் தூண் வெகுதொலைவில் விலகியும் தோன்றும். வளவு அரண்மனையாகிவிட்டது! ஓடு சரிந்த அடுப்படியோ படத்தில் இல்லை. “வீடு நன்றாகத்தானே இருக்கிறது” என்றார் மகன். பழுதுபார்க்கப் பணம் வரவில்லை. படத்தில் பொய் ஏதுமில்லை. ஆயினும் பொய்யுரைத்த கூச்சம் நமக்கு.

கணிப்பொறித் துறையிலுள்ள நம் பேரன் வேறொரு லென்ஸைப் பற்றிக் கூறினான். ஹாஸ்கெல் போன்ற நிரல்மொழிகளில், பெரிய தரவொன்றின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும் கருவிக்கும் அதுவே பெயராம். காட்டுவதோடு அது நில்லாது. திருத்திய பகுதியை உரிய இடத்தில் வைத்து, ஏனைய பகுதிகள் மாறாத புதிய முழுமையைத் தரும். பழைய தரவும் சிதையாது.

ஒரு கோணத்தில் நோக்குவது நயம், பிற கோணங்களை மறுப்பது துர்நயம் என்பர் நம் ஆசாரியர்கள். நம் படம் அடுப்படியை மறுக்கவில்லை. சொல்லாது விட்டது, அவ்வளவே. எனினும், காண்பவர் அதனையே முழுமையெனக் கொள்வார் என்றறிந்தும் வாளாவிருப்பது மறுப்பேயன்றோ?

சென்ற வாரம் அடுப்படியைத் தனியே படமெடுத்தோம். அதை அனுப்ப ஆச்சிக்கு மனமில்லை. மானம் போகும் என்கிறார். படம் இன்னும் நம்மிடமே உள்ளது.