யார் முகத்துக்குக் கொடுத்த பணம்

வீட்டை விட்டுப் போகிறவர் துணிமணியையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கடன் மட்டும் பழைய விலாசத்திலேயே தங்கிவிடுகிறது. ஆதாரில் அந்த வீட்டு விலாசம்தான் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் ‘தெரிந்தவர்’ என்ற இடத்தில் அண்ணன் நம்பரோ அம்மா நம்பரோ இருக்கிறது. மாதம் பிறந்து தவணை தேதி தாண்டியதும் ஒரு இளைஞர் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். “பையன் இல்லையாம்மா? பெத்தவங்க நீங்கதான் பாத்து முடிச்சு விடணும்” என்கிறார். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்வீட்டுக்குக் கேட்கும் குரலில் இருக்கிறது. அந்த வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு ஊர் இரண்டு பதில்களைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஒன்று, ரத்த உறவு, நகையை வைத்தாவது கட்டு. இன்னொன்று, கையெழுத்துப் போட்டவன் அவன், நமக்கென்ன வந்தது, கதவைச் சாத்து. இரண்டுமே தவறான கேள்விக்குச் சொல்லப்படும் பதில்கள் என்று நினைக்கிறேன். கடன்காரர் யாருக்குப் பிள்ளை என்று பார்ப்பதைவிட, பணத்தைக் கொடுத்தவர் யாரை நம்பிக் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம், அது சுருக்கமானது. வயதுவந்த ஒருவர் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு அவருடைய அப்பாவோ அம்மாவோ அண்ணனோ மனைவியோ உறவு என்ற காரணத்தால் மட்டும் பொறுப்பாளி ஆவதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை முழுக்க வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஜாமீன்தாரரின் பொறுப்பை வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. கூட்டாக எடுத்த கடனும், கூட்டுக் குடும்பத் தேவைக்காகக் குடும்பத் தலைவர் வாங்கிய கடனும் உறவினருக்குச் சொன்ன அந்த விலக்கில் சேரா. ஆகவே வீட்டில் முதலில் தேட வேண்டியது காகிதத்தை. எந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, மகளிர் குழுவில் யார் பெயரில் எடுத்தது, ப்ரோநோட்டில் சாட்சியாகப் போட்டதா, ஜாமீனாகப் போட்டதா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. கடன் வாங்கியவராகவோ ஜாமீனாகவோ தன் கையெழுத்து இருந்தால் அது தன் கடன். அதில் வாதத்துக்கு இடமில்லை.

ரத்தம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் மரபைத் துணைக்கு அழைப்பார்கள். அந்த மரபும் அவர்கள் நினைப்பதுபோல இல்லை. இந்து சட்டத்தில் அப்பாவின் கடனை மகன் தீர்ப்பது அறக்கடமை என்ற கொள்கை நெடுங்காலம் இருந்தது. 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், அதற்குப் பின் ஏற்பட்ட கடன்களில் அந்த ஒரே காரணத்தைக் காட்டி மகனைத் துரத்த முடியாதபடி செய்துவிட்டது. கவனிக்க வேண்டியது, அந்தப் பழைய கொள்கையும் மேலிருந்து கீழாகத்தான் போனது. மகன் வாங்கிய கடனை அப்பா தீர்க்க வேண்டும் என்றோ, தம்பியின் கடனை அண்ணன் தீர்க்க வேண்டும் என்றோ அது சொல்லவில்லை. சூதுக்கும் குடிக்கும் அப்பா பட்ட கடனை மகன் தலையில் தர்மசாஸ்திரங்களே ஏற்றவில்லை. எதற்காக வாங்கியது, யாருக்குப் பயன்பட்டது என்று அன்றே கேட்டிருக்கிறார்கள். இன்று ஆன்லைன் ரம்மியில் தோற்ற பணத்துக்கு ஓய்வூதியக்காரத் தகப்பனைக் கைகாட்டுகிறவர்களுக்கு மரபு துணை வராது.

ஆனால் சட்டம் விடுவித்ததாலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தெருமுனை மளிகைக்கடையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். அதில் வாடிக்கையாளர் பெயர் இருக்காது; ‘மாடி வீட்டு வாத்தியார் பையன்’ என்று எழுதியிருக்கும். அந்த வரிக்கு எதிரே அரிசி, எண்ணெய், சிகரெட், ரீசார்ஜ் என்று ஏறிக்கொண்டே போயிருக்கும். கடைக்காரர் அந்தப் பையனின் சம்பளச் சீட்டைப் பார்க்கவில்லை, வட்டி போடவில்லை, எதையும் எழுதி வாங்கவில்லை. வாத்தியார் வீடு எங்கும் ஓடிப்போகாது என்று கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா மகள் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கைமாத்தாகக் கொடுத்ததும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அவசரம் என்று சொல்லி வாங்கியதும், தெருவில் நடத்தும் சீட்டை முதல் மாதமே எடுத்துவிட்டு மீதிப் பணம் கட்டாமல் போனதும் இதே ரகம். இவர்கள் நம்பியது வீட்டை. வீடும் அந்த நம்பிக்கையை மறுக்கவில்லை. அவன் எங்கள் பையன் என்று சொல்லித்தான் தெருவில் வளர்த்தது. இந்தக் கடன்களைக் குடும்பம் ஏற்க வேண்டும் என்பதே என் வாதம். ஒரேயடியாக முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று நாமாகப் போய்ச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக அவர்களுக்கு வசதி இல்லை, போனாலும் காட்டக் காகிதம் இல்லை. சட்டம் எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும். நடைமுறையில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. சத்தம் போடுகிற நிதி நிறுவனத்துக்கு வளையலை விற்றுக் கட்டுகிறார்கள். சத்தம் போடாத வேலைக்கார அக்காவுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

நிதி நிறுவனத்தின் கணக்கு வேறு. அது அந்த ஆளின் பான் எண்ணைப் போட்டு, பழைய கடன் வரலாற்றைப் பார்த்து, திரும்பாமல் போகக்கூடியதையும் சேர்த்து வட்டியை வைத்திருக்கிறது. மூணு வட்டிக்கு விடுகிறவர் வருடத்துக்கு 36 சதவீதமும், பத்து வட்டிக்கு விடுகிறவர் 120 சதவீதமும் வாங்குகிறார். ஆபத்துக்கு இவ்வளவு விலை வாங்கியவர், ஆபத்து நேர்ந்ததும் கணக்கில் இல்லாத தாயிடம் போய் நிற்பது எந்த நியாயத்திலும் சேராது. கடன் கடன்தானே, வங்கியில் இருப்பதும் யாரோ ஒருவர் சேமித்த பணம்தானே என்று கேட்கலாம். உண்மை. அதனால்தான் வாங்கியவர் கட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரைத் தேடவும், நோட்டீஸ் அனுப்பவும், வழக்குப் போடவும், சம்பளத்தில் பிடிக்கவும் நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அந்த வழிகளை விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கு வருவதன் காரணம் ஒன்றுதான்: பெற்றவர்களின் வெட்கம் சீக்கிரம் பணமாகும்.

கட்டாமல் இருப்பது வேறு, ஒளித்து வைப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மகன் பெயருக்கு வக்கீல் நோட்டீசோ நீதிமன்ற சம்மனோ வந்தால் அதைக் கிழித்துப் போடுவது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது. அவன் வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், பேசித் தீர்க்கும் வாய்ப்பு போய்விடும். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் சம்மனை வாங்கினாலே அவனுக்குச் சேர்ந்ததாகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு. எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன், அவன் இங்கே குடியிருக்கவில்லை என்பதைத் தபால்காரரிடமோ நீதிமன்ற அமீனாவிடமோ தெளிவாகச் சொல்லிவிட்டு, வந்த செய்தியை அவனுக்குத் தெரிவிப்பது நல்லது. டிக்ரி ஆன பிறகு அமீனா ஜப்திக்கு வந்தால் அவர் எடுக்கக்கூடியது கடன்பட்டவரின் பொருளை. பிரிட்ஜும் டிவியும் அப்பா வாங்கியவை என்று காட்ட ரசீதை எடுத்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன்பட்டவர் வீட்டிலேயே கூடச் சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நீதிமன்றமே தொடாத தாலிக்கொடியை வசூல்காரர் வந்து நின்றதற்காக அடகுக்கடைக்கு அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன.

மானம் போய்விடுமே என்பதுதான் வலுவான மறுப்பு. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்காகக் கொடுக்கும் பணம் வாயடைக்கக் கொடுக்கும் பணம். ஒருமுறை கொடுத்தால் இந்த வீட்டில் அழுத்தினால் வரும் என்று குறித்துக்கொள்வார்கள். அடுத்த நிறுவனத்தின் ஆளும் வருவார். மானத்தைக் காக்கச் சட்டத்தில் இருக்கும் பிடிகளைப் பிடிப்பது இதைவிடப் பயன் தரும். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, கடன்பட்டவரின் குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்றும் அதே ஆண்டில் விதித்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2003 முதலே தடைச் சட்டம் உண்டு. வசூலில் குடும்பத்தாரை மிரட்டுவதையும் சேர்த்துத் தண்டிக்க 2025இல் தனிச் சட்டமே வந்தது. வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டு, பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்து, நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம் அனுப்பினாலே பல வாசல்களில் குரல் தாழும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கட்டாவிட்டால் அவன் ஏதாவது செய்துகொண்டால்? இதற்கு எந்த வாதமும் முழுப் பதில் ஆகாது. உயிர் முன்னால் நிற்கும்போது கணக்குப் பேச முடியாது. அப்போது முதலில் போக வேண்டியது அவனிடம், கடன் கொடுத்தவரிடம் இல்லை. அவனை உட்காரவைத்து முழுப் பட்டியலையும் வாங்க வேண்டும். மொத்தம் தெரியாமல் கட்டும் பணம் எதையும் தீர்ப்பதில்லை, பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கிற நிலையைத்தான் நீட்டிக்கிறது. அதன் பிறகு குடும்பம் உதவ நினைத்தால் உதவட்டும். அது அவனுக்குத் தரும் பணம், பட்ட கடன் அல்ல என்ற தெளிவோடு, கொடுக்கும்போதே நிறுவனத்திடம் முடித்துக்கொண்டதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு தரட்டும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று புதிய தாளில் கையெழுத்துப் போடுவதை மட்டும் எந்தப் பாசத்துக்காகவும் செய்யக் கூடாது. அதுவரை இல்லாத பொறுப்பு அந்தக் கையெழுத்தில் பிறந்துவிடும்.

மளிகைக்கடைக்கோ சீட்டுக்காரருக்கோ அவனுக்கோ கொடுத்தது எதுவானாலும், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து கொடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா சின்னவனுக்காக அடைப்பதும், மனைவியிடம் சொல்லாமல் அண்ணன் சேமிப்பை உடைப்பதும் நம் வீடுகளில் தியாகம் என்று பெயர் வாங்குகின்றன. பத்து வருடம் கழித்துப் பாகப் பிரிவினையில் அவை வேறு பெயரோடு வெளியே வருகின்றன. கொடுத்தவரிடம் சாட்சி இருக்காது, வாங்கியவருக்கு நினைவு இருக்காது. இன்ன தேதியில், இன்னாருக்கு, இவ்வளவு, யார் பணத்திலிருந்து என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டைவிட்டுப் போனவருக்கும் அதன் படம் ஒன்றை அனுப்பிவிடலாம். திருப்பிக் கேட்பதா, அவர் பங்கில் கழிப்பதா, விட்டுவிடுவதா என்பதைப் பெற்றவர்கள் இருக்கும்போதே, அவரும் உட்கார்ந்திருக்கும் ஒரு நாளில் பேசி முடித்துவிட வேண்டும்.