நாற்றமும் நன்றியும்

போன மாசம் எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகளைத் திருவொற்றியூரிலிருந்து அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனோம். ஆலமரத்தடியில் ஒரு பொண்ணு மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இங்க காத்து ஏன் நாறல?"

ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற அந்தப் பழைய பங்களாவை 1882இல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் சபைக்காக வாங்கினார்கள். 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு கொழும்பு போய்ப் பௌத்தம் ஏற்றார். ஊர் நமக்கு எழுத்தை மறுத்த காலம் அது. இதை மறந்தால் நாம் மனுசரில்லை.

ஆல்காட் 1907இல் இறந்தபின் சபைத் தலைவரானவர் அன்னி பெசன்ட். 1909இல் 'இந்தியன் ரெவ்யூ'வில் அவர் எழுதியதையும் மறக்க முடியாது. நம் பிள்ளைகளின் உடம்பு நாறுகிறது. சுத்தமான சாப்பாடும் பழக்கமும் தலைமுறைகளாக ஊறிய பிறகுதான் மற்றப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரத் தகுதி வரும் என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வந்த தன் நூலில் இதை எடுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார்.

"பள்ளிக்கூடம் தந்தவங்களைக் குறை சொல்லலாமா?" என்றார் கூட வந்த தோழர். சொல்லலாம். பள்ளியை மேலே நின்றும் கொடுக்கலாம், அது தர்மம். ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைக்க இறங்கி வரவேண்டும், அது சமத்துவம். முன்னதற்கு நன்றி சொல்கிற வாய்தான் பின்னதையும் கேட்கவேண்டும். நன்றி என்பது வாயை மூடிக்கொள்வதல்ல.

நாற்றம் பிறப்பில் வருவதா? அடையாறு கடலில் சேருமிடத்தில் தோட்டம் வளர்த்தார்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து வீடு, வலை, படகு எல்லாத்திலும் அப்பியது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாற வைப்பது ஒரு கை. நாறுகிறாய் என்று தள்ளிவைப்பது இன்னொரு கை. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்.

தோட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நிழல் நல்லதுதான். அது சிலருக்கு மட்டும் வாய்த்ததெப்படி என்பதே கேள்வி.

அந்தப் பொண்ணிடம், "இந்தக் காத்து உனக்கும் உண்டானதுதாம்மா" என்றேன்.

"அப்ப நம்ம வீட்டாண்ட ஏன்க்கா இல்ல?" என்றாள்.

இரவுப் பள்ளியில் இந்த வாரம் அதுதான் பாடம்.